தண்ணீர் லாரி மதியம்தான் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் குழந்தைகளைக் காப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். தப்பில்லை. ஆனால் எங்கள் ஊருக்குத் தண்ணீர் லாரி வருவதே பன்னிரண்டு மணிக்குத்தான். அம்மா கருவாட்டுக் களத்துக்கோ கடல்பாசி எடுக்கவோ போயிருப்பாள். மூன்றாவதோ நான்காவதோ படிக்கிற பிள்ளைதான் தள்ளுவண்டியில் ஆறு குடத்தை அடுக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும். செருப்பு இருக்காது. மணல் சுடுகிறது என்று குடத்தின் நிழல் விழுகிற இடத்தில் ஒரு காலை வைத்து, அது சுட்டதும் அடுத்த காலை வைத்து, லாரி வரும்வரை இப்படியே மாற்றிக்கொண்டிருக்கும்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் உள்ள ஒரு கடற்கரை ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த உரிமையில் இரண்டொரு விஷயம் சொல்கிறேன்.

தொலைக்காட்சியில் "சதமடித்த ஊர்கள்" என்று பட்டியல் போடுவார்கள். வேலூர், திருத்தணி, மதுரை எல்லாம் வரும். எங்கள் பக்கத்துப் பாம்பன் பெரும்பாலும் வராது. அதை வைத்து இங்கே வெயில் குறைவு என்று யாராவது நினைத்தால், மே மாதம் எங்கள் வகுப்பறைத் தகரக் கூரைக்குக் கீழே அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோரக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை வழியுமே தவிரக் காயாது. ராத்திரியும் புழுக்கம் இறங்காது. பிள்ளைகளுக்கு வேர்க்குரு, அதைச் சொறிந்து கொப்புளம், கொப்புளத்தில் சீழ். சரியாகத் தூங்காத பிள்ளைக்குச் சாப்பாடும் இறங்காது.

எங்கள் பக்கத்தில் நோயெல்லாம் காற்றை வைத்துத்தான். வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே எந்தக் காற்று அடித்த மாதம் என்று சொல்லிவிடுவேன். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் மணல் பறந்து கண் சிவக்கும், இருமல் வரும், இழுப்பு உள்ள பிள்ளைகள் வாரக்கணக்கில் வராது. ஐப்பசி, கார்த்திகை வாடையில் சளியும் காய்ச்சலும். மழைக்கு மட்டும் ஊரெல்லாம் ஓடிவரும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது எல்லாச் சேனலும் எங்கள் பக்கம்தான் நின்றது. கோடைக்கு அப்படி யாரும் வருவதில்லை. படகுக்காரர்களுக்குப் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுகிறார்கள். பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். அந்தக் கவனத்தில் கால்வாசி பிள்ளைகளுக்குக் கிடைத்தால் போதும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம், காலை இறைவணக்கத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மயங்கி விழுந்தது. வெயில்தான் என்று முகத்தில் தண்ணீர் தெளித்து, விசிறி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த நர்ஸம்மா பிள்ளையின் புஜத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "ராத்திரி என்ன சாப்பிட்டே?" என்று கேட்டார். வரக்காப்பியும் வறுக்கியும் என்றது. "வெயில் எல்லாருக்கும் ஒண்ணுதான் டீச்சர். இதுக்கு வயிறு காலி" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டு மாதம் அந்தப் பிள்ளையை நான் பார்க்கவே இல்லையே.

கணக்கைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லைதான். ஆனால் எங்கள் ஊரில் பாதிப் பேர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள். நிவாரணம் 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்தால் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 131 ரூபாய். அதில்தான் குடத்துக்குக் குடம் தண்ணீருக்கும் கொடுக்க வேண்டும். அந்த நாட்களில் பெரும்பகுதி பள்ளிக்கும் விடுமுறை. காலை உணவும் இல்லை, மதியச் சத்துணவும் இல்லை, முட்டையும் இல்லை. வீட்டில் மீனும் இல்லை. வருஷத்திலேயே மோசமான வெக்கையைப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு தாண்டுகிறார்கள்.

அப்புறம் வயிற்றுப்போக்கு. கோடையில் ஊற்றில் தண்ணீர் மெல்லத்தான் ஊறும். மணலில் தோண்டிய குழிக்குள் இறங்கி, சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிறைக்க அரை மணி நேரமாகும். யார் கை படும், எந்த ஆடு வாய் வைக்கும் என்று தெரியாது. ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது ஒருத்தி கேட்டாள், "டீச்சர், தண்ணியே கரிக்குதே, இதுல எவ்வளவு உப்புப் போடுறது?" கரிக்கிற தண்ணீரில் கலக்கவே கூடாது, காசு போனாலும் லாரித் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்துத்தான் கலக்க வேண்டும் என்று சொன்னேன். அந்த லாரித் தண்ணீரையும் பத்து நாள் டிரம்மில் வைத்தால் புழு நெளியும். டெங்குக் கொசுவுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும், மழையே வேண்டாம்.

வெயிலையும் காற்றையும் நம்மால் மாற்ற முடியாது. சத்துணவுக் கூடத்தைத் திறந்து வைக்க முடியும். வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே உத்தரவிட்டது. வறட்சிக்குப் பேர்போன மாவட்டம் எங்களுடையது. தடைக்காலம் முழுக்க, கடற்கரைப் பள்ளிகளில் மட்டுமாவது, ஒரு வேளைச் சோறும் முட்டையும் போட்டால் என்ன? சத்துணவு ஊழியர்களுக்கும் விடுப்பு வேண்டாமா என்பார்கள். வேண்டும். காலை உணவைச் சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள்தானே, அவர்களுக்கும் தடைக்காலத்தில் கூலி கிடைத்த மாதிரி ஆகும். சாப்பிட வருகிற பிள்ளையை வாரம் ஒரு தடவை கிராமச் செவிலியர் பார்த்துவிட்டுப் போகலாம்.

தயவுசெய்து அடுத்த மே மாதம் உங்கள் செய்தியாளர் ஒருவரை அனுப்பிவையுங்கள். யாரிடமும் பேட்டி எடுக்க வேண்டாம். பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் லாரி நிற்கும் இடத்தில் நின்று, வரிசையில் நிற்கிற பிள்ளைகளிடம் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
ராமநாதபுரம் மாவட்டம்.