தண்ணீரை முதலில் சோதித்துப் பார்

அன்புள்ள பூரணிக்கு,

அம்மா எழுதுவது. ஜாலஹள்ளியில் எல்லோரும் சுகம். உன் ஷிராஸ் ஒயின் திராட்சை வரிசைகளின் படத்தை அப்பா மாடி வீடு வரைக்கும் போய்க் காட்டிவிட்டு வந்தார். மண் ரிப்போர்ட்டும் அவர் போனுக்குத்தான் வந்தது. தண்ணீர் ரிப்போர்ட் எங்கே என்று நான் கேட்டதற்குத்தான் பதில் இல்லை.

மண் மோசமில்லை. ஆனால் நந்தி மலைச் செம்மண் தண்ணீரை வடிய விடும், உன் திண்டோரிக் கரிசல் விடாது. இரண்டடி ஆழத்து மண்ணைத் தனியாக எடுத்து, நீர்த்த ஆசிட் இரண்டு சொட்டு விட்டுப் பார். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு அதிகம். இளந்துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் செடிக்கு இரும்பு ஏறவில்லை. அதற்காக அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் கொட்டாதே, சுண்ணாம்பு விழுங்கிவிடும். இலையில் தெளி.

தண்ணீர்தான் எனக்குக் கவலை. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் இ.சி. 1-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. ஏற ஏற இலை ஓரம் கருகி உள்ளே வரும். ஒட்டுக்கு அடியில் இருக்கும் டாக்ரிட்ஜ் வேர்ச்செடி (ரூட்ஸ்டாக்) உப்பைத் தாங்கும் என்பார்கள். தாங்கும்தான், ஆனால் அது பொட்டாசியத்தையும் இழுத்துச் சாற்றின் பி.எச்.சை ஏற்றிவிடும். 3.8 தாண்டினால் ஒயின் நிறம் மங்கும், சீக்கிரம் கெடும். பூக்கும்போது இலைக்காம்பைச் சோதிக்காமல் பொட்டாஷ் போடாதே.

சொட்டுநீர் நனைக்கும் வட்டத்தின் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். சின்ன மழை பெய்தால் அது வேருக்கே திரும்பும். மழைதான் பெய்கிறதே என்று மோட்டாரை நிறுத்தாதே.

காய் பிடித்ததிலிருந்து நிறம் மாறும் வரை தண்ணீரை இழுத்துப் பிடி. காய் சிறுத்தால் சாற்றின் அளவுக்குத் தோலின் பங்கு கூடும், சிவப்பு ஒயினுக்கு நிறம் தோலில்தான். துளிர் நுனி வளர்வது நின்றால் போதும். அடியிலை உதிரும் வரை காயப்போட்டால் சர்க்கரை ஏறாது. பிறகு பயந்து ஒரேயடியாக விட்டால் பழம் வெடிக்கும்.

போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டதா கண்ணு? இறங்கியிருந்தால் அக்டோபர் கவாத்துக்கு முன்பே சொல்லிவிடு. குலைகளைக் குறைத்துக்கொள்ளலாம். புது போர் போட வேண்டுமென்றால் என் நகை லாக்கரில் சும்மாதான் கிடக்கிறது, வெளியே கடன் வாங்காதே. எதுவானாலும் தண்ணீரைச் சோதித்துவிடு. மோட்டார் பத்து நிமிஷம் ஓடட்டும், அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து அன்றைக்கே லேபுக்குக் கொடு. ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு, அப்பாவுக்கு வேண்டாம்.

அம்மா