கொவிட்டுக்குப் பின் மரத்துப்போன விரல்கள்: தோட்டச் சுகாதாரத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகப் பெருந்தோட்ட மக்களின் சுகாதாரத்துக்குப் பொறுப்பான மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணித் தேநீரைக் குடித்துவிட்டு மேல்மலையில் எழுந்து நின்ற என் அம்மா, நின்ற மாத்திரத்திலேயே கண் இருட்டி, கொழுந்துக் கூடையோடு இரண்டு நிரை கீழே சரிந்து விழுந்தார். தோட்டத்து டிஸ்பென்சரியில் அவரை உட்காரவைத்து இரத்த அழுத்தம் பார்த்தார்கள். கொப்பியில் "உடல் பலவீனம்" என்று எழுதி, விற்றமின் வில்லைகளும் பனடோலும் கொடுத்து அனுப்பினார்கள். அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். மறுநாள் மலையில், எல்லோருக்கும் கேட்கும்படி, அவரை "வேலைக்கள்ளி" என்றார்கள். முப்பத்தொரு வருடங்கள் கொழுந்து பறித்த ஒரு பெண்ணின் காதில் அந்தச் சொல் விழுந்தது. அதனால்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

பின்னணியை நீங்கள் அறிவீர்கள். 2020 மார்ச்சில் நாடே ஊரடங்கில் முடங்கிக் கிடந்தபோதும் தேயிலை மலைகளில் கொழுந்து பறிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் டெல்டா அலை எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வந்தபோது, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஆறு பேராக இருந்த நாங்கள் யாரை எந்த மூலையில் தனிமைப்படுத்தியிருக்க முடியும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் நான்கு நாட்கள்தான் இருந்தது. வைத்தியசாலைக்குப் போகவில்லை, மூச்சு முட்டவில்லை. தனிமைப்படுத்தல் நாட்கள் முடிந்ததும் அவர் சுகமானவர்களின் கணக்கில் சேர்க்கப்பட்டார். அதன் பிறகு அவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவருடைய விரல்களைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கொழுந்து பறிப்பதைக் கண்ணால் செய்யும் வேலை என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது விரல் நுனியின் வேலை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே முறியும், எது இளசு, எது முற்றல் என்பதை நகத்துக்குக் கீழே உள்ள சதைதான் முதலில் அறிகிறது. பனி மூடிய காலையில் பக்கத்து நிரை தெரியாத நேரத்திலும் அம்மாவின் கை தவறியதில்லை. இப்போது அவருடைய இரண்டு கைகளிலும் பெருவிரல் முதல் நடுவிரல் வரை மரத்துக் கிடக்கின்றன. சில இரவுகளில் அதே விரல்களில் ஊசி குத்துவதுபோல வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்து, கைகளை அடுப்புச் சாம்பலின் சூட்டில் பிடித்துக்கொள்கிறார். கூடையில் முற்றிய இலை சேர்கிறது; நிறுக்கும் இடத்தில் அதற்காகக் கிலோ வெட்டப்படுகிறது; 18 கிலோ வராவிட்டால் பேர் பாதியாகிறது. நிறுத்துச் சொன்ன எடையை வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிடுகிறார் என்பதால், உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வரும்படி சொல்லியிருக்கிறேன். எழுதியதைச் சிலநேரம் மழை அழித்துவிடுகிறது.

இவை மனப்பிரமை அல்ல. கொரோனா வைரஸ்கள் நரம்பைத் தொடுவது கொவிட்டோடு தொடங்கிய கதையும் அல்ல. எலிகளில் மூளையழற்சியையும் நரம்பிழைகளின் மேலுறைச் சிதைவையும் உண்டாக்கிய ஒரு கொரோனா வைரஸ் 1949 இலேயே விவரிக்கப்பட்டது. 2003 இல் பரவிய சார்ஸ் நோயில் இறந்த சிலரின் மூளைத் திசுவில் அந்த வைரஸ் இருந்தது. கொவிட்டைப் பொறுத்தவரை, வூஹானில் வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்ட 214 பேரை ஆராய்ந்து 2020 ஏப்ரலில் வெளியான அறிக்கையே, அவர்களில் 78 பேருக்குத் தலைச்சுற்று, தலைவலி, சுவை மணம் இழத்தல், நினைவு தடுமாறுதல், பக்கவாதம் போன்ற ஏதாவதொரு நரம்பியல் அறிகுறி இருந்ததாகச் சொன்னது. லேசாக வந்து போனவர்களுக்கு ஒன்றும் இல்லை என்பவர்களுக்கு 2022 மார்ச்சில் வெளியான ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வை நினைவூட்ட விரும்புகிறேன். நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்த மூளைப் படங்களை ஒப்பிட்ட அந்த ஆய்வில் இருந்த 785 பேரில் 401 பேருக்குத் தொற்று வந்திருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் வைத்தியசாலைக்கே போகாதவர்கள். ஆனாலும் மணத்தோடும் நினைவோடும் தொடர்புடைய மூளைப் பகுதிகளில், தொற்று வராதவர்களைவிட அவர்களுக்குத் தேய்வு சற்றுக் கூடுதலாக இருந்தது.

வைரஸ் நேராக நரம்புக்குள் புகுந்துதான் எல்லாச் சேதத்தையும் செய்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. மணம் போவதற்குக் காரணம், மூக்கின் மேற்பகுதியில் மணநரம்புகளைத் தாங்கி நிற்கும் துணைக் கலங்கள் தாக்கப்படுவதே என்று கண்டிருக்கிறார்கள். மற்ற இடங்களில் உடலின் எதிர்ப்புச் சக்தியே வழி தவறி நரம்பைத் தாக்குவதும், நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவர் அழற்சி அடைவதும் பேசப்படுகின்றன. நிற்கும்போது இதயத் துடிப்பையும் இரத்த ஓட்டத்தையும் நம்மை அறியாமலே சரிசெய்துகொள்ளும் தன்னியக்க நரம்புகள் குழம்பினால், எழுந்ததும் கண் இருட்டும், நெஞ்சு படபடக்கும். இதைத்தான் அம்மா மூன்று வருடங்களுக்கு மேலாக, தனக்குத் தெரிந்த சொற்களில், டிஸ்பென்சரியில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அம்மாவின் எல்லா நோவுக்கும் கொவிட்தான் காரணம் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. விரல் மரத்துப்போவதற்கு நீரிழிவும் காரணமாகலாம். விற்றமின் பி12 குறைபாடும், வருடக்கணக்காக ஒரே அசைவைச் செய்த மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதும், மருந்து தெளித்த மலையில் வேலை செய்வதும் காரணமாகலாம். உலக சுகாதார அமைப்பு 2021 அக்டோபரில் தந்த வரையறையும் அதைத்தான் சொல்கிறது: தொற்றிலிருந்து சுமார் மூன்று மாதங்களில் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதங்கள் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகளே கொவிட்டுக்குப் பிந்திய நிலை. வேறு நோய் இல்லையென்று அறிய வேண்டுமானால் பரிசோதிக்க வேண்டும் அல்லவா? பரிசோதியுங்கள், பதிவு செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அதற்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. ஒருவரைப் படுக்கவைத்து நாடித்துடிப்பை எண்ணி, பிறகு 10 நிமிடங்கள் நிற்கவைத்து மறுபடி எண்ணினால் போதும். இரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல் துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடினால் தன்னியக்க நரம்புகளைச் சந்தேகிக்க வேண்டும் என்பது எந்த வைத்தியரும் அறிந்தது. நான் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, வைத்தியம் படித்தவளல்ல. ஆனாலும் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு லயத்துத் திண்ணையில் எண்ணிப் பார்த்தேன். படுத்திருந்தபோது 76. நின்று ஏழாவது நிமிடத்தில் 118. அதற்கு மேல் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். டிஸ்பென்சரியில் அவரை உட்காரவைத்து மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.

நகரத்துப் பெரிய வைத்தியசாலைக்கு ஒருமுறை போனோம். விடியற்காலை மூன்றரைக்குப் புறப்பட்டு, இரண்டு பஸ் மாறி, நம்பர் எடுத்து, பதினொன்றரைக்கு வைத்தியரின் முன் உட்கார்ந்தோம். அவர் நல்லவர், பொறுமையாகத்தான் கேட்டார், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. மதமதப்பு வேறு, மரப்பு வேறு, சுரீர் என்று இழுப்பது வேறு. வெளியே புண்ணோ வீக்கமோ காட்டாத இந்த நோயில் நோயாளியின் சொல்தான் முதல் சான்று. அந்தச் சொற்கள் எல்லாவற்றையும் என்னுடைய அரைகுறைச் சிங்களத்தில் "கை வலி" என்ற ஒன்றாகச் சுருக்கிச் சொல்லிவிட்டு வந்தேன். அது என்னை இன்றுவரை உறுத்துகிறது. 1987 இல் அரசியலமைப்புக்கு வந்த 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. எங்கள் மக்கள் இந்த மலைகளுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023 இல் நினைவுகூர்ந்தோம். இன்றும் தன் கை மரத்திருப்பதைத் தன் மொழியில் ஒரு நரம்பியல் வைத்தியரிடம் சொல்ல ஒரு கொழுந்துக்காரிக்கு வழியில்லை என்றால், அந்த 200 ஆண்டுகளில் எங்களுக்குத் தரப்பட்ட வைத்தியம் எத்தகையது என்று நான் கேட்காமல் இருக்க முடியாது. குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்க வந்ததற்கே திரும்புகிறேன்.

மாதத்தில் ஒரு நாளாவது, தோட்டங்களுக்குக் கிட்டிய ஒரு வைத்தியசாலையில், தமிழ் தெரிந்த ஒருவரை உடன் வைத்து, கொவிட்டுக்குப் பிறகு மரப்பு, மறதி, தலைச்சுற்று, மணமின்மை என்று சொல்பவர்களைப் பரிசோதித்துப் பதிவு செய்யுங்கள். இந்த நிலைக்கென்று உலக சுகாதார அமைப்பு யூ09 என்ற நோய்க் குறியீட்டையே ஒதுக்கியிருக்கிறது; பொருந்துபவர்களுக்கு "உடல் பலவீனம்" என்று எழுதாமல் அதை எழுதுங்கள். நரம்பில் மின்சமிக்ஞை ஓடுவதை அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை சரியாக வந்தாலும் அனுப்பிவிடாதீர்கள், ஏனெனில் மெல்லிய நரம்பிழைகளின் சேதம் அந்தப் பரிசோதனையில் தெரிவதில்லை. அப்படிப் பதிவானவர்களுக்குச் சரிவில் ஏறாத இலேசான வேலையை முழுப்பேரோடு கொடுக்கும்படி தோட்ட நிர்வாகங்களுக்கு உங்கள் கையொப்பத்தோடு ஒரு கடிதம் போதும். துரையிடம் நாங்கள் போய்ச் சொன்னால் அது சாக்குப்போக்கு. நீங்கள் எழுதினால் அது வைத்திய ஆலோசனை.

மணம் இழந்தவர்களுக்கு ரோஜா, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டஸ் என நான்கு மணங்களைக் காலையும் மாலையும் சில விநாடிகள் முகரும் பயிற்சியை மாதக்கணக்கில் செய்யச் சொல்கிறார்கள். இந்த நான்கும் எங்கள் லயத்தைச் சுற்றிக் கிடைப்பவை. அம்மாவுக்கு மணம் போய் இரண்டு வருடங்கள் கழித்துத்தான் எனக்கே இது தெரியவந்தது. வீட்டுக்கு வீடு வரும் குடும்பநல உத்தியோகத்தர்களிடம் இதைச் சொல்லி அனுப்பியிருந்தால், எத்தனையோ பேர் அப்போதே தொடங்கியிருப்பார்கள்.

அம்மா நாளையும் மலைக்குப் போவார். எழும்போது தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்படி சொல்லியிருக்கிறேன். எங்களால் செய்ய முடிந்தது இவ்வளவுதான். அவரையும் அவரைப் போன்றவர்களையும் பரிசோதித்துப் பதிவு செய்யும்படி மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பதிலைத் தமிழில் அனுப்பினால், அதை அவருக்கே வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஹட்டன் பகுதித் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்