எங்க அனுப்புறதுன்னு கேட்ட பிள்ளைக்கு

பாப்பா,

அம்மா எழுதுறேன். நேத்து ராத்திரி "எங்க அனுப்புறதும்மா, எவனுக்குமே வேணாம்போல"ன்னு சொல்லிட்டு சட்டுன்னு போனை வச்சிட்ட, அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வரல, நாலு மணிக்கே எந்திரிச்சு உன் தீப்பெட்டிக் கட்டுரையை மறுபடி முதல்ல இருந்து படிச்சேன். போன்ல சொன்னா பாதி விட்டுப்போகும், அதான் டைப் பண்றேன், நிதானமா படி.

கட்டுரை நல்லா இருக்கு. பெத்தவங்கிறதுக்காகச் சொல்லல. பெட்டி ஒட்டுற அத்தை பசை காய்ஞ்ச விரலைச் சோறு பிசையுறதுக்கு முன்னாடி சுரண்டிச் சுரண்டி எடுக்குறதை எழுதிருக்க பாரு, இந்தக் கோவில்பட்டியில இருந்துட்டு நானே அதைக் கவனிச்சதில்ல. ஆனா அதை நீ ஒரு நாளிதழோட நடுப்பக்கத்துக்கு அனுப்பிருக்க, மூவாயிரம் வார்த்தை. இன்னைக்குக் காலையில ஒரு வாரத்துப் பேப்பரையெல்லாம் எடுத்து வச்சு அந்தப் பக்கத்துக் கட்டுரையெல்லாம் எண்ணிப் பார்த்தேன், எண்ணூறு வார்த்தையைத் தாண்டி ஒண்ணுமே இல்ல. அவங்க உன் எழுத்தை வேணாம்னு சொல்லல பாப்பா, அந்தப் பக்கத்துல அதுக்கு இடமே இல்ல.

எழுதிட்டு எங்க அனுப்பலாம்னு தேடாத, எங்கன்னு முடிவு பண்ணிட்டு எழுது. ஒரு பத்திரிகைக்கு அனுப்பணும்னா அதோட மூணு இதழாவது வாங்கி அட்டையில இருந்து அட்டை வரைக்கும் படி, எந்தப் பக்கத்தை அவங்க ஆபீஸ் ஆளுங்க எழுதுறாங்க, எந்தப் பக்கத்துல வெளியாளுங்க பேரு வருது, அதைப் பார்த்தாலே பாதி தெரிஞ்சிரும்.

உன் தீப்பெட்டியையே எடுத்துக்கோ. ஒரு ரூபா பெட்டி 2021 டிசம்பர்ல ரெண்டு ரூபா ஆச்சு, பதினாலு வருஷத்துக்கப்புறம் ஏறின விலை. 2023 ஜூன்ல இருபது ரூபாய்க்குக் குறைஞ்ச சிகரெட் லைட்டரை இறக்குமதி பண்ணக்கூடாதுன்னு மத்திய அரசு தடை போட்டுச்சு. இது ரெண்டும் உன் கட்டுரையில பதினோராவது பத்தியில ஒளிஞ்சு கிடக்கு, வணிகப் பக்கத்துக்கு அனுப்பினா அதுதான் முதல் வரி. பெண்கள் இணைப்புக்குன்னா அத்தையோட விரல்தான் முதல் வரி, லைட்டர் ஒரு வாக்கியம் போதும். சிறுவர் பக்கத்துக்குன்னா மரக்கட்டை எப்படி குச்சியாகி மருந்துல முங்கி பெட்டிக்குள்ள போகுதுங்கிறது மட்டும், முந்நூறு வார்த்தை. மூவாயிரம் வார்த்தையும் அப்படியே வரணும்னா மாத இதழ் பக்கம் போ, அங்கதான் அவ்வளவு நீளத்தைத் தாங்குவாங்க. உன்கிட்ட இருக்குற குறிப்பை வச்சு நாலு எழுதலாம், நாலும் வேற வேற கட்டுரை. ஒரே கட்டுரையைப் பேரை மாத்தி நாலு இடத்துக்கு அனுப்பிராத, அது நாணயம் இல்ல.

மாத இதழ்னு சொன்னேன்ல, கணையாழி 1965ல டெல்லியில ஆரம்பிச்சது, காலச்சுவடு 1988ல நாகர்கோவில்ல சுந்தர ராமசாமி ஆரம்பிச்சது, ரெண்டுக்கும் ருசி வேற வேற, படிச்சாதான் பிடிபடும். கலைமகள், அமுதசுரபி இன்னொரு வகை, குடும்பக் கதை அங்க போகும். தீபாவளி மலருக்கு எழுதணும்னா ஐப்பசியில உட்கார்ந்து பிரயோஜனம் இல்ல, ஆடியிலயே அனுப்பிரணும். அச்சுல கல்கி 2020ல நின்னுபோச்சு, இப்ப இணையத்துலதான் வருது, நான் அன்னைக்கு அழுதேன் தெரியுமா, என் ரெண்டாவது கதை அதுலதான் வந்தது. இணைய இதழ்கள் சொல்வனம் மாதிரி நிறைய இருக்கு, பெரும்பாலும் அங்க சன்மானம் எதிர்பார்க்க முடியாது, ஆனா நல்லாப் படிக்கிற ஆளுங்க கண்ணுல படும். மாசம் ஒண்ணு அப்படிக் குடு, மிச்சமெல்லாம் காசு குடுக்குற இடத்துக்குப் போகட்டும். வேலையை விட்டுட்டு உட்கார்ந்திருக்க, வாடகை குடுக்கணும். அமேசானோட மின்புத்தகக் கடை கிண்டில்ல 2016 கடைசியில இருந்து தமிழ்ப் புத்தகமும் போடலாம், அது கைவசம் ஒரு பத்துக் கதை சேர்ந்தப்புறம் பார்த்துக்கலாம்.

அனுப்புறப்போ யூனிகோட்ல அடிச்சு வேர்ட் ஃபைலா அனுப்பு, பிடிஎஃப் வேணாம். பழைய பாமினி ஃபான்ட்ல அனுப்பினா அங்க திறக்குறவங்களுக்கு வெறும் கிறுக்கலாத்தான் தெரியும். கீழ முழு முகவரி, போன் நம்பர், பேங்க் விவரம், அதோட "இது என் சொந்தப் படைப்பு, வேறு இதழுக்கு அனுப்பவில்லை"ன்னு உறுதிமொழி. எத்தனை நாள் காத்திருக்கணும்னு சில இதழ்ல அவங்களே போட்டிருப்பாங்க, போடலைன்னா ரெண்டு மாசம் பாரு, பிறகு ஒரு வரி மெயில் போட்டு "திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்"னு சொல்லிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்பு. சொல்லாம அனுப்பாத, ரெண்டு இடத்துலயும் வந்துட்டா ரெண்டு வாசலும் அடைச்சிரும்.

எங்க காலத்துல சுயவிலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டின கவரை உள்ள வைப்போம். அந்தக் கவர் திரும்பி வந்தா அது என் கையெழுத்து, எனக்கே நான் எழுதின லெட்டர் மாதிரி வாசல்ல கிடக்கும், உங்கப்பா பார்க்குறதுக்கு முன்னாடி எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னாடி வச்சிருவேன். என் முதல் கதை நாலு தடவை அப்படி வந்துச்சு. அஞ்சாவது தடவை வந்தது மணியார்டர், 75 ரூபா, கீழ கூப்பன்ல "சிறுகதைக்கு"ன்னு ஒரே ஒரு வார்த்தை. அந்தக் காசுல ஒரு தூக்குவாளி வாங்கி, பேர் வெட்டுறவர்கிட்ட பேர் வேணாம், தேதி மட்டும் வெட்டுங்கன்னு சொன்னேன். 4.6.89. என்னம்மா இது யாரு பிறந்தநாள்னு சின்னதுல கேட்டுக்கிட்டே இருப்பியே, அதுதான்.

காசு விஷயத்துல கூச்சப்படாத. ஏத்துக்கிட்டோம்னு மெயில் வந்தா சன்மானம் எவ்வளவு, எப்பன்னு மரியாதையா ஒரு வரி கேளு. உரிமையையும் கேளு. என் கதை ஒண்ணை ஒரு பதிப்பகத்துக்காரங்க தொகுப்புல போட்டு அது நம்ம ஊர் நூலகத்துல இருந்துச்சு, யதேச்சையாத்தான் பார்த்தேன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லல, ஒரு பிரதி வரல, கேட்டதுக்கு "அப்பவே முழு உரிமையும் குடுத்துட்டீங்க"ன்னாங்க. நான் எதுலயும் கையெழுத்தே போடல. 1957 பதிப்புரிமைச் சட்டத்துல 19ஆவது பிரிவுனு ஒண்ணு இருக்கு, உரிமையை எழுதிக் குடுத்தாத்தான் செல்லும், எத்தனை வருஷம்னு அதுல போடலைன்னா அஞ்சு வருஷம்தான், எந்த இடத்துக்குன்னு போடலைன்னா இந்தியாவுக்கு மட்டும்தான். இது அன்னைக்கு எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா வாயடைச்சுப் போய் வந்திருக்க மாட்டேன். உனக்கு எந்தத் தாள் வந்தாலும் கையெழுத்துக்கு முன்னாடி எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

பருப்புப்பொடியும் கடலைமிட்டாயும் நாளைக்கு கூரியர்ல போடுறேன். அதோட என் பழைய நோட்டையும் வச்சிருக்கேன், எண்ணெய் படாம தனிக் கவர்ல. எந்தக் கதை, எந்தத் தேதி, எங்க போச்சு, என்ன ஆச்சுன்னு கோடு போட்டு எழுதினது, 'திரும்பியது'ன்னு இருக்குறதெல்லாம் சிவப்பு மையில. முப்பது பக்கம் காலியா இருக்கு. அதுல முதல் வரியில தீப்பெட்டிக் கட்டுரையோட பேரைக் குறிச்சு வை, பெண்கள் இணைப்புக்கு எழுநூறு வார்த்தையில எழுதி வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு அனுப்பு, நான் படிச்சிட்டுச் சொல்றேன்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாத.

அம்மா