இரண்டு தட்டு, மூன்று பங்கு

கிருஷ்ணகிரி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். பெரியவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். மாங்காய் சீசன் என்பதால் ஊரெங்கும் லாரிதான். கூழ் ஃபேக்டரி வாசலில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. விலைதான் யாருக்கும் திருப்தி இல்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அப்பா விட்டுப்போன தோப்பில் உனக்குப் பங்கு தராமல், முழுசும் தனக்கே என்கிறான் உன் தம்பி. "தோப்புக்காக கேஸ் போட்டால் என்ன ஆகும்?" என்று நினைத்துக்கொண்டு உன் மகளைக் குறி பார்க்கும் டாரட் அட்டை எடுக்கச் சொன்னாய். ஜஸ்டிஸ் அட்டை வந்தது, நமக்குத்தான் ஜெயம் என்று அவள் சொல்லிவிட்டாள். உனக்கு மனசு ஆறவில்லை. மறுநாளும் எடுக்கச் சொன்னாய், அதே அட்டை தலைகீழாக வந்துவிட்டது. இதில் எதை எடுத்துக்கொள்வது என்று என்னைக் கேட்டிருக்கிறாய்.

நானும் இந்த டாரட் சீட்டுக்கட்டை வைத்திருப்பவள்தான். ஆனால் நடக்கப் போவதை அட்டை சொல்லும் என்று நான் நம்பவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகத்தான் இது பிறந்தது. குறி பார்க்கும் வழக்கமாகப் பரப்பியதெல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் செய்தது. என்றாலும் அந்தப் படத்தின் முன்னால் பொறுமையாக உட்கார்ந்தால் நம் மனசில் இருப்பது மேலே வரும். அதற்காகத்தான் நான் வைத்திருக்கிறேன்.

உன் மகளின் கட்டு 1909இல் லண்டனில் வெயிட் என்பவர் யோசனையில் ரைடர் கம்பெனி வெளியிட்ட ரைடர்-வெயிட் படங்கள் என்று நினைக்கிறேன். அந்த அட்டையை எடுத்து முன்னால் வைத்துக்கொள். பதினொன்றாம் எண். மார்செய் என்ற பழைய பிரெஞ்சுக் கட்டில் இதுவே எட்டாவது. வெயிட் தன் கட்டில் இதை ஸ்ட்ரெங்த் அட்டையோடு இடம் மாற்றினார். இரண்டு தூண்களுக்கு நடுவே, ஊதாத் திரைக்கு முன்னால், சிவப்பு அங்கி போட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வலக்கையில் வாள் நேராக நிற்கிறது. இடக்கையில் தராசு. அங்கிக்குக் கீழே ஒரு வெள்ளைச் செருப்பின் முனை மட்டும் எட்டிப் பார்க்கிறது. எழுந்து நடக்கத் தயாராக இருப்பதாக எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

இப்போது முகத்தைப் பார். கண்ணில் கட்டு இல்லை! கோர்ட்டில் நாம் பார்த்துப் பழகிய சிலைக்குக் கண்ணைக் கட்டியிருப்பார்கள். ஆள் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். நம் உச்ச நீதிமன்றத்தில் வைத்த புதுச் சிலையிலும் கண்கட்டை எடுத்துவிட்டார்கள், வாளுக்குப் பதிலாக அரசியல் சாசனத்தைக் கையில் கொடுத்தார்கள். டாரட் அட்டையில் இருப்பவர் நம்மை நேராகப் பார்க்கிறார். இந்த அட்டைக்கு நேர்மை, உண்மை, செய்ததற்கு ஏற்ற பலன் என்றெல்லாம் பொருள் சொல்வார்கள். வழக்கில் தகுதி உள்ள பக்கம் ஜெயிக்கும் என்று வெயிட்டும் எழுதியிருக்கிறார். உன் மகள் அதைத்தான் படித்திருப்பாள். தகுதி உள்ள பக்கம் எது என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வேலை நம்முடையது.

நம்ம பக்கத்திலேயே ஒரு உதாரணம் சொல்கிறேன். வாச்சாத்தியை மறந்திருக்க மாட்டாய். 1992 ஜூனில் சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்து செய்த கொடுமை. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011இல் தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் மீதி 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி 2023இல் தானே அரூர்ப் பக்கம் வந்து, அந்த ஊரில் நடந்து, மக்களிடம் பேசிவிட்டுப் போனார். அந்த செப்டம்பரில் தண்டனையை உறுதி செய்தார், அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார். 31 வருஷம் அந்தப் பெண்கள் விடாமல் நின்றார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கும். கட்டு கட்டாக ஆவணங்கள் மேஜையில் இருந்தும் அந்த நீதிபதி நேரில் போய்ப் பார்த்தார். இந்த அட்டை கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

நீ தோப்பைப் போய்ப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று?

உன் தம்பியைப் போன வாரம் மண்டியில் பார்த்தேன். மாம்பால் பட்டு விரலெல்லாம் கருத்துப்போய் இருந்தது. "அக்கா கேஸ் போடப் போறாங்களாமே" என்றான், குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. மழை பொய்த்த வருஷம் டேங்கரில் தண்ணீர் வாங்கி ஊற்றியதையும், போர் போட்டதையும், பட்டுப்போன மரங்களுக்குப் பதில் கன்று வைத்ததையும் சொன்னான். அப்பாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததும் அவன்தான். இதைக் கேட்டபோது அந்த டாரட் படங்களை வரைந்தவர்தான் எனக்கு நினைவு வந்தார், பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். 78 படங்களை வரைந்த அவருக்குச் சொற்பக் கூலிதான் கிடைத்தது. கட்டு பதிப்பாளர் பெயரிலும் வெயிட் பெயரிலும்தான் ஓடியது, ஸ்மித் வறுமையிலேயே இறந்தார். உழைத்தவர் பெயர் பத்திரத்தில் இல்லாததால் உழைப்பு இல்லை என்று ஆகிவிடாது. தம்பி பக்கத்துத் தட்டில் இதையெல்லாம் நீ வைத்தே ஆக வேண்டும்.

அதற்காக, உன் பங்கை விட்டுக்கொடுத்ததாக அவன் நீட்டுகிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே. இதை அழுத்திச் சொல்கிறேன். "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, இனி என்ன பங்கு" என்று உறவுக்காரர்கள் பேசுவது ஊர்ப்பேச்சு. சட்டத்தில் அதற்கு இடமில்லை. தோப்பு உன் அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது, உயிலும் எழுதவில்லை. 1956ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படியே அதில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. தாத்தா வழி வந்த அந்தக் கொல்லையிலும் 2005 திருத்தத்துக்குப் பிறகு நீ பிறப்பாலேயே பங்காளி. இதை உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீ கேட்பது யாசகம் இல்லை.

ஆனால் ஒன்று. உன் கடிதத்தில் "எனக்குப் பாதி, அவனுக்குப் பாதி" என்று எழுதியிருக்கிறாய். தம்பியும் ஒரு கணக்குப் போட்டான், அவன் கணக்கில் முழுசும் அவனுக்கு. அம்மாவை இருவருமே மறந்துவிட்டீர்கள்! அட்டையில் தட்டு இரண்டுதான். உங்கள் வீட்டில், அப்பா வாங்கிய தோப்பில், பங்கு மூன்று. அம்மா, நீ, தம்பி, மூவருக்கும் சமம். அம்மாவை யாராவது கேட்டீர்களா? நான் ஒருநாள் போய்ப் பார்த்தபோது திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் என் கண்ணு முன்னாடி பேசிக்கிட்டா போதும்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

சந்தையில் புளி நிறுக்கும்போது உன் ஆயா முதலில் பாசங்கம் பார்க்கச் சொல்வாரே, நினைவிருக்கிறதா? சரக்கை வைப்பதற்கு முன்னால், வெறும் தட்டுகளே சமமாக நிற்கின்றனவா என்று பார்ப்பது. உன் கோபம் பழையது. படிக்க அனுப்பவில்லை என்பது, தம்பிக்கு மட்டும் சைக்கிள் வாங்கினார்கள் என்பது, எல்லாம் நியாயமான கோபம். அது அப்பாமேல் உள்ளது. அதையும் சேர்த்துத் தம்பி பக்கம் நிறுத்தால் எந்தப் பங்கு வந்தாலும் உனக்குக் குறைவாகத்தான் தெரியும். தலைகீழாக வரும் இந்த அட்டைக்கு ஒருபக்கச் சாய்வு, அளவுக்கு மீறிய கடுமை, வழக்குச் சிக்கல் என்று வெயிட் பொருள் சொல்கிறார். உன் கேள்விக்கு இரண்டு நாளும் இரண்டு பதில் வந்ததாக நினைக்காதே. உரிமை ஒருநாள் வந்தது, எச்சரிக்கை மறுநாள் வந்தது என்று வைத்துக்கொள்.

அப்புறம் அந்த வாள். நிறுத்துப் பார்த்தபின் முடிவு எடுத்தே ஆக வேண்டும், இழுத்துக்கொண்டே போகக்கூடாது. பேசிப் பார்த்து முடியாவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்தால் அந்தத் தீர்ப்பே கடைசி, மேல்முறையீடு கிடையாது. தம்பி போட்ட போர்ச் செலவையும் கன்றுச் செலவையும் அங்கேயே கணக்கில் சேர்த்துப் பேசி எழுதிக்கொள்ளலாம். அதற்கும் அவன் ஒத்துவரவில்லை என்றால் பாகப்பிரிவினை வழக்குப் போடு, நான் உன் பக்கம் நிற்பேன். தயங்கவே வேண்டாம்.

சீசன் முடிவதற்குள் ஒரு நடை வா. மகளையும் கூட்டிக்கொண்டு வா, இந்தத் தோப்பை அவள் பார்த்ததே இல்லை. வரும்போது வாரிசுச் சான்றிதழ் நகலும் பத்திர நகலும் எடுத்து வா, வில்லங்கச் சான்றிதழுக்கு நான் இங்கே மனு போட்டு வைக்கிறேன். நம் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் தோப்பைப் பார்க்கச் சந்தூருக்குப் போகலாம். தம்பியிடம் நான் சொல்லிவிட்டேன், "அக்கா வரட்டும்" என்றான்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி