திரையிடும் முன் சில குறிப்புகள்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான் என்றால் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டை இப்போதே காலி செய்துவிடு. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

இதழியல் மாணவர்களுக்கு ‘குட் நைட், அண்ட் குட் லக்’ போடப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல தேர்வு. ஜார்ஜ் க்ளூனி 2005-ல் இயக்கியது, 93 நிமிடம். ஆனால் சும்மா போட்டுவிடாதே. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியின் செய்தியாளர் எட்வர்ட் மரோவும் தயாரிப்பாளர் ஃப்ரெட் ஃப்ரெண்ட்லியும் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியோடு மோதிய கதை பெரும்பாலும் அலுவலகத்துக்குள்ளேயே நடக்கிறது. பின்னணியை நின்று விளக்க மாட்டார்கள். ஒருவர் பேசும்போதே இன்னொருவர் குறுக்கே பேசுவார். சப்டைட்டில் இல்லாவிட்டால் பாதி போய்விடும்.

பத்து நிமிட முன்னுரை போதும். 1950 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில், வெளியுறவுத் துறையில் இருக்கும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன் கையில் இருப்பதாக மெக்கார்த்தி கிளப்பிவிட்டார். எண்ணிக்கை 205 என்றார், பிறகு 57, பிறகு 81. ஹாலிவுட் கலைஞர்களை விசாரித்ததும் இவர்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பிரதிநிதிகள் சபைக் குழுவின் வேலை, 1947-லேயே தொடங்கியது. இவர் செனட்டின் விசாரணைத் துணைக்குழுவுக்குத் தலைவரானது 1953-ல். இதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடு. இல்லையென்றால் கேள்வி நேரம் முழுக்க அதிலேயே போகும்.

முதல் பாதியில் நிறுத்திப் பேச வேண்டியது மைலோ ரடுலோவிச் விவகாரம். மிச்சிகனைச் சேர்ந்த இந்த விமானப்படை ரிசர்வ் அதிகாரியைப் ‘பாதுகாப்புக்கு ஆபத்தானவர்’ என்று நீக்கப் பார்த்தார்கள். அவர் மீது தனியாக எந்தப் புகாரும் இல்லை. அப்பாவும் சகோதரியும் என்ன படிக்கிறார்கள், யாரோடு பழகுகிறார்கள் என்பதுதான் புகார். சாட்சியம் ஒட்டிய உறைக்குள் இருந்தது. அவரும் பார்க்கக் கூடாது, வக்கீலும் பார்க்கக் கூடாது. 1953 அக்டோபர் 20-ல் மரோவின் வாராந்திர நிகழ்ச்சியான ‘சீ இட் நவ்’ இதை ஒளிபரப்பியது. நிர்வாகம் விளம்பரச் செலவை ஏற்காததால் மரோவும் ஃப்ரெண்ட்லியும் 1,500 டாலர் கைப்பணம் போட்டு நியூயார்க் டைம்ஸில் விளம்பரம் கொடுத்தார்கள். ஐந்தே வாரத்தில் விமானப்படைச் செயலர் அவரைத் தக்கவைத்துக்கொள்வதாக அறிவித்தார்.

பெரிய அடி 1954 மார்ச் 9-ல் மெக்கார்த்தியைப் பற்றியே வந்த ‘சீ இட் நவ்’. அங்கே பிள்ளைகள் கவனிக்க வேண்டியது மரோவின் குரலையோ சிகரெட்டையோ அல்ல, வெட்டி ஒட்டிய முறையை. மெக்கார்த்தி பேசிய படச்சுருள்களைக் கையில் சேர்த்து வைத்திருந்தார்கள். அவர் பேச்சை ஓட விடுவது, நிறுத்துவது, எதிரே ஒரே ஒரு ஆவண உண்மையை வைப்பது, அவ்வளவுதான். அசல் நிகழ்ச்சியில் ஓர் இடம்: குடிமக்களின் உரிமைகளுக்காகப் போராடும் சங்கம் ஒன்று கம்யூனிஸ்ட் முன்னணி என்று பட்டியலிடப்பட்டிருக்கிறது என்பார் மெக்கார்த்தி. எந்த மத்திய அரசு அமைப்பும் அப்படிப் பட்டியலிட்டதில்லை என்பார் மரோ. வசையே இல்லை. ஏப்ரல் 6-ல் பதில் சொல்ல மெக்கார்த்திக்கு நேரமும் கொடுத்தார்கள். அவர் குற்றச்சாட்டுகளை மறுக்காமல் மரோவையே கம்யூனிஸ்ட் அனுதாபி ஆக்கப் பார்த்தார். அதுவே அவருக்கு வினையாகிவிட்டது.

ஆனால் இந்த முறையிலும் ஒரு கோளாறு உண்டு, அதை மறைக்காதே. மெக்கார்த்தி இளிக்கிற, தடுமாறுகிற காட்சிகளாகப் பொறுக்கி எடுத்து யாரை வேண்டுமானாலும் இப்படிக் காட்டலாமே என்று, மெக்கார்த்தியைப் பிடிக்காதவர்களே அப்போது கேட்டார்கள். நல்ல விவாதத்துக்கு இது ஒன்றே போதும்.

க்ளூனி மெக்கார்த்தி வேடத்துக்கு நடிகரையே போடவில்லை, அசல் பதிவுகள்தான். அவற்றோடு ஒட்டவே கறுப்பு வெள்ளை. எடுத்ததென்னவோ கலர் ஃபிலிமில், நிறத்தைப் பிறகு நீக்கினார்கள். கம்யூனிஸ்ட் என்று குற்றம் சாட்டப்பட்ட ராணுவ அலுவலக ஊழியர் ஆனி லீ மாஸின் விசாரணைக் காட்சியை இரண்டு முறை போட்டுக் காட்டு. மெக்கார்த்தி பாதியில் எழுந்து போய்விடுவார். உதவியாளர் ராய் கோன் பெயர் சொல்லாத ஆளின் வாக்குமூலத்தை இழுக்கும்போது செனட்டர் மெக்லெலன் ஆட்சேபிப்பார். கேமரா காலி நாற்காலியைக் காட்டும். ஒரு பின்கதை இருக்கிறது, படத்தில் வராது. கம்யூனிஸ்ட் கட்சிப் பதிவுகளில் மாஸின் பெயர் இருந்ததாக 1958-ல் ஓர் அரசு வாரியம் சொன்னது. மரோ அவரை நிரபராதி என்று சொல்லவில்லை; குற்றம் சாட்டுபவர் எதிரே வந்து நிற்க வேண்டும் என்பதுதான் நிகழ்ச்சியின் வாதம். மாணவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள், பார்.

படம் பார்த்தால் மரோதான் முதலில் வாய் திறந்தார் என்று தோன்றும். அதை நம்பவிடாதே. செனட்டர் மார்கரெட் சேஸ் ஸ்மித் 1950 ஜூனிலேயே கண்டித்தார். கார்ட்டூனிஸ்ட் ஹெர்ப்ளாக் அதற்கும் முன்பே வரைந்தார். மார்ச் 9 பகலிலேயே செனட்டர் ஃப்ளாண்டர்ஸ் அவையில் மெக்கார்த்தியைக் கிழித்தார். மெக்கார்த்தியை உண்மையில் சாய்த்தது ராணுவத்தோடு நடந்த விசாரணை. 1954 டிசம்பரில் செனட் 67-க்கு 22 என்று கண்டனம் நிறைவேற்றியது.

கடைசிப் பகுதிக்குக் கணக்கு வழக்கோடு போ. 1955-ல் விளம்பரதாரர் அல்கோவா விலகியது. அதே ஜூனில், அதே செவ்வாய் இரவில், ‘சீ இட் நவ்’வுக்குச் சற்று முன்னால் பரிசுப் போட்டி நிகழ்ச்சி ஒன்று தொடங்கிப் பணத்தைக் குவித்தது. மரோவின் வாராந்திர இடம் போயிற்று. எப்போதாவது வரும் சிறப்பு நிகழ்ச்சியாகி 1958-ல் நின்றே போனது. யாரும் தடை போடவில்லை. சிபிஎஸ் தலைவர் வில்லியம் பேலியின் அறையில் நடக்கும் காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்தி, நிலையத்தின் முதலாளி இடத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல். வந்த பதில்களில் நல்லதாக இரண்டை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
முத்து