பதின்மூன்றாம் ஹீட்

கவென்ட்ரி,
நவம்பர் 2025

அன்புள்ள நண்பா,

இங்கே அனைவரும் நலம். நீயும் தங்கையும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று தவறாமல் எழுது. உன் கடிதத்துக்கு எட்டு மாதமாகப் பதில் எழுதாதது என் பிழை, அதற்கு நான் எந்தச் சாக்கும் சொல்லப்போவதில்லை. இப்போது எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

சென்ற வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது, நீ விட்டுப்போன பச்சை மழைக்கோட்டின் உள்பையில் 2007ஆம் ஆண்டின் போட்டிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பிரேக் இல்லாத மோட்டார்சைக்கிள்களை மண்தடத்தில் சறுக்கி ஓட்டும் நம் ஸ்பீட்வே பந்தயம்தான்; பிராண்டன் மைதானத்தில் நம் கவென்ட்ரி பீஸ் அணி பூல் அணியைச் சந்தித்த வெள்ளிக்கிழமை அது. முதலில் வந்தவருக்கு மூன்று, அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று, கடைசியில் வந்தவருக்குச் சுழி என்று ஒவ்வொரு ஹீட்டின், அதாவது நால்வர் நான்கு சுற்று ஓட்டும் ஒவ்வொரு ஓட்டத்தின், கட்டத்தையும் உன் கோழிக்கிறுக்கல் எழுத்தில் நிரப்பியிருக்கிறாய். பதினைந்து ஹீட்டுகளில் பதின்மூன்றாவது மட்டும் காலியாக இருக்கிறது. அதன் காரணம் உனக்கும் எனக்கும் தெரியும். அந்தத் தேநீர் வரிசைக் கதையை இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

புத்தகத்தை முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை, பழைய தாளின் வாசம்தான். ஆனால் உடனே அந்த முதல் இரவு நினைவுக்கு வந்தது. மெத்தனால் எரியும் எஞ்சின்களில் ஆமணக்கெண்ணெய் கலந்த மசகு கருகி எழுந்த அந்தப் புகையை மூச்சிழுத்து, "எங்கள் அப்பத்தா வீட்டுத் திண்ணை வாசம் அடிக்கிறது" என்றாய். ஊரை விட்டு வந்து ஐந்து மாதமாகியும் ஒருநாள் கூட வீட்டைப் பற்றிப் பேசாதவன், அன்று விடிய விடியப் பேசினாய். ஜாவா எஞ்சினில் ஓடும் வண்டிகளும் உண்டு என்று தெரிந்ததும், மைசூரில் செய்த உன் அப்பாவின் ஜாவாவைப் பற்றிப் பக்கத்தில் நின்ற தொப்பிக்காரப் பெரியவரிடம் அரைமணி நேரம் விளக்கினாய். அவரும் பொறுமையாகக் கேட்டார். பெரியவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். இதை உனக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

பிராண்டனுக்குப் போய்ப் பார்த்தேன். 1928இல் திறந்த மைதானம் அது. ஓலே ஓல்சன் 1978இல் தன் மூன்றாவது உலகப் பட்டத்தை வென்றபோது நம் அணிக்காகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார் என்று பெரியவர் சொல்லும்போதெல்லாம் அவர் முதுகு நிமிர்ந்துவிடும். நீ பார்த்த 2007இல் லீக் பட்டம், நாக்கவுட் கோப்பை, கிரேவன் ஷீல்டு மூன்றையும் வென்றோம். அதே ஆண்டு நம் கிறிஸ் ஹாரிஸ் கார்டிஃப் மைதானத்தில், உலகப் பட்டத் தொடரின் ஒரு சுற்றான பிரிட்டிஷ் கிராண்ட் பிரியை வென்றார். 2010இல் மீண்டும் லீக் பட்டம். 2016இல் கடைசிப் போட்டி. அதன்பின் கதவுகள் மூடின. திருட்டும் தீயும் போக மிஞ்சிய எலும்புக்கூடு கம்பிவேலிக்குப் பின்னால் நிற்கிறது. நாம் நிற்கும் மூன்றாம் வளைவின் படிகளில் என் உயரத்துக்குச் செடி முளைத்திருக்கிறது.

இதைக் கேட்டதும், கூட்டம் வரவில்லை, அதனால் மூடிவிட்டார்கள் என்று நீ நினைத்துக்கொள்வாய். இங்கேயும் பலர் அப்படித்தான் பேசுகிறார்கள். இந்த ஒரு பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நில உரிமை கைமாறியது, புதிய உரிமையாளர்களுக்கு அங்கே வீடுகள் கட்ட வேண்டும், அவ்வளவுதான். அணி வாடகைக்கு இருந்தது, வாடகைக்காரனைக் காலி செய்யச் சொன்னார்கள். ரசிகர்கள் சேர்ந்து இயக்கம் நடத்தினார்கள். 2022இல் பக்கத்து ரக்பி என்ற ஊரின் நகர மன்றம் வீடுகட்டும் விண்ணப்பத்தை நிராகரித்தது. மேல்முறையீட்டு விசாரணையும் 2023 டிசம்பரில் நில உரிமையாளர்களுக்கு எதிராகவே முடிந்தது. தீர்ப்பு வந்த அன்று கவென்ட்ரி நகரில் முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் வீடு கட்டக்கூடாது என்று சொல்ல முடிந்தவர்களால், பந்தயம் நடத்து என்று உத்தரவிட முடியவில்லை. வென்ற பிறகும் புல்தான் வளர்கிறது.

நம் அணிக்கு மட்டும் நேர்ந்த விதியாக இருந்தால் அழுதுவிட்டு ஆறியிருப்பேன். மூடிய மைதானங்களைக் கணக்குப் பார்: எக்ஸிடரின் பழைய மைதானம் 2005இல், ரெடிங்கின் ஸ்மால்மீட் 2008இல், ஸ்விண்டன் 2019இல், வுல்வர்ஹாம்ப்டனும் பீட்டர்பரோவும் 2023இல் ஒரே பருவத்தில். வுல்வர்ஹாம்ப்டன் 2016இல் லீக் சாம்பியன். ஓல்சனும் சாம் எர்மலெங்கோவும் தாய் வுஃபிண்டனும் அங்கே ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் உலகப் பட்டம் வென்றவர்கள். அப்படிப்பட்ட அணிக்கே, நாய்ப் பந்தய மைதானத்தில் இனி இடமில்லை என்றதும் மாற்று இடம் கிடைக்கவில்லை. இந்த ஆட்டம் இந்நாட்டில் பெரும்பாலும் நாய்ப் பந்தயக்காரர்களின் திண்ணையில் ஒண்டியே வளர்ந்தது. முந்நூறு மீட்டர் அளவில் ஒரு வட்டமும் நான்கு பக்கம் படிக்கட்டும் ஏற்கெனவே இருந்ததால் அது மலிவாக முடிந்தது. மலிவாகக் கிடைத்ததற்கு இப்போது தலைமுறைக் கணக்கில் விலை கொடுக்கிறோம். நகரம் பெருகி மைதானத்தின் வாசலுக்கே வந்துவிட்டது. மண்ணின் விலைக்கு முன் எந்த அணியின் நுழைவுக் கட்டணமும் நிற்காது.

போலந்தைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. டோருன், லெஷ்னோ, கோஜுஃப், லுப்லின் போன்ற ஊர்களில் இந்த ஆட்டம் ஊர்த் திருவிழா போல. நகராட்சிகளே மைதானங்களுக்குப் பணம் ஒதுக்குகின்றன. நம் பிரிட்டிஷ் இளைஞர்கள் வயிற்றுப்பாட்டுக்கு அங்கே போகிறார்கள், போய்ச் சிறக்கவும் செய்கிறார்கள். 2021லும் 2024லும் நாடுகளுக்கிடையிலான போட்டியில் பிரிட்டன் வென்றது, இரண்டும் மான்செஸ்டரில். இவ்வளவு நல்ல வீரர்கள் இருந்தும், இங்குள்ள முதல் நிலை லீக்கில் சென்ற ஆண்டு ஏழே அணிகள். ஏழு அணிகள் ஒருவரையொருவர் மாறி மாறிச் சந்தித்தால் ஆகஸ்டுக்குள் ரசிகனுக்கு அலுத்துவிடாதா? அதுவும் திங்களும் வியாழனுமாக, பள்ளிக்கு முந்தைய இரவுகளில் வைத்தால் பிள்ளைகளை யார் கூட்டிவருவார்கள்? நம் வெள்ளிக்கிழமை எவ்வளவு பெரிய சொத்து என்பது இழந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

விதிகளைப் பற்றியும் உன்னிடம் புலம்ப வேண்டும், இதில் நீ என்னோடு சண்டைக்கு வருவாய் என்று தெரியும். வீரர்களின் சராசரிப் புள்ளிகளைக் கூட்டி, அது இவ்வளவைத் தாண்டக்கூடாது என்ற வரம்புக்குள்தான் அணியைக் கட்ட வேண்டும். பட்டம் வென்ற அணியில் எல்லோருக்கும் சராசரி ஏறியிருக்கும், ஆகையால் அடுத்த ஆண்டு அந்த அணியையே கலைத்தாக வேண்டும். ஏழை அணிகளும் பிழைக்கட்டும் என்பதற்காக வைத்த விதி என்று அன்று நீ வாதாடினாய், அது சரிதான் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனக்குப் பிடித்த வீரரின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு வந்தால், மறு ஆண்டு அவர் எதிரணியில் நிற்கிறார். ஒருவருக்கு அடிபட்டால் போட்டி அணியிலிருந்தே விருந்தாளி வீரரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இன்று நமக்காக உயிரைக் கொடுத்து ஓட்டுகிறவர் நாளை மறுநாள் நம்மை வீழ்த்த வருகிறார். வீரனைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை, எஞ்சினுக்கும் பயணத்துக்கும் மெக்கானிக்குக்கும் அவன்தான் தன் வருமானத்திலிருந்து கொடுக்கிறான். ஆனால் இடமும் நிலையில்லை, ஆளும் நிலையில்லை என்றால் ரசிகன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? ஆளை மாற்றியே ஆகவேண்டுமென்றால் இடத்தையாவது நிலைக்க வை என்பதுதான் என் கட்சி.

ஜூன் மாதம் மூத்தவளை மான்செஸ்டருக்குக் கூட்டிப்போனேன். கார்டிஃபின் பெரும் அரங்கில் 2001 முதல் நடந்துவந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரி, இந்த ஆண்டு பெல் வ்யூ அணியின் மைதானத்துக்கு மாறிவிட்டது. கார்டிஃபில் பல்லாயிரம் பேர் உட்காருவார்கள், இங்கே சுமார் ஆறாயிரம்தான். இதை இறக்கம் என்று பலர் வருந்தினார்கள், நானும் வருந்தியபடியே போனேன். ஆனால் அங்கே உட்கார்ந்ததும் மனம் மாறியது. கார்டிஃபில் ஓரிரவுக்காக மண்ணைக் கொண்டுவந்து கொட்டித் தடம் போடுவார்கள், மறுநாள் அள்ளிவிடுவார்கள். மான்செஸ்டரில் இருப்பது 2016இல் இந்த ஆட்டத்துக்கென்றே கட்டிய தடம். அகலமும் சரிவும் நன்றாக அமைந்ததால், பின்னால் போகிறவன் வெளிச்சுற்றில் ஏறி, பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, முன்னால் போகிறவனைத் தாண்ட முடிகிறது. தொடக்கக் கோட்டின் டேப் மேலெழுந்ததும் நால்வரும் முதல் வளைவுக்குள் சாய்ந்தபோது மூத்தவள் என் கையைப் பிடித்தாள். நான்காம் சுற்று முடியும்வரை விடவில்லை. உலகப் பட்டத்தை இந்த ஆண்டும் போலந்து வீரர் ஸ்மார்ஸ்லிக்தான் எடுத்தார், அவருக்கு இது ஆறாவது. ஆனால் ஒரே ஒரு புள்ளியில் அதை இழந்த ஆஸ்திரேலிய வீரர் பிராடி கர்ட்ஸ்தான் நம் வீட்டில் நாயகன்.

நீ இருக்கும் ஊரில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறதே, அங்கே போய்ப் பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். பெயர்தான் ஒன்று, அது தார்த்தடம், கார்களும் சாதாரண மோட்டார்சைக்கிள்களும் ஓடுவது என்று சொன்னேன். பிரேக் இல்லாத வண்டியை மண்ணில் சறுக்கி ஓட்டுவதைப் பார்க்க முடியாதா என்று முகம் வாடிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் இரவு, தானும் ஓட்ட வேண்டும் என்றாள். சிறுவர்களுக்கு 125 சிசி வண்டியில் பயிற்சி உண்டு, எல்லாவற்றையும் படித்து வைத்திருக்கிறாள். உன் தங்கைக்கு, அதாவது என் மனைவிக்கு, அன்றிலிருந்து தூக்கமில்லை. எனக்கும்தான். லீ ரிச்சர்ட்சன் நினைவுக்கு வந்தார். நாம் இங்கே வருவதற்கு முன்பு நம் அணிக்கு ஓட்டியவர், 2012 மே மாதம் போலந்தின் விரோத்ஸ்வாஃபில் வேலியில் மோதி இறந்துபோனார். முப்பத்து மூன்று வயது. அன்று மாலை நீ தொலைபேசியில் ஒன்றும் பேசாமல் நெடுநேரம் இருந்தாய். இந்த ஆட்டத்துக்கு எதிர்காலம் வேண்டும் என்று ஊரெல்லாம் பேசுகிறேன், அந்த எதிர்காலம் பிறர் பிள்ளைகள் வண்டியேறினால்தான் வரும். என் பிள்ளை கேட்கும்போது மட்டும் மாட்டேன் என்று சொல்வது நியாயமா? காற்றடைத்த வேலிகள் வந்திருக்கின்றன, கழுத்துக்கும் முதுகுக்கும் காப்புகள் வந்திருக்கின்றன, எனக்கு அது தெரியும். தெரிந்தும் பயம் குறையவில்லை. வசந்தம் வரை பொறு என்று சொல்லியிருக்கிறேன். நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்று நேர்மையாக எழுது, எனக்குப் பிடித்ததைச் சொல்ல வேண்டாம்.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று கேட்பாய். லெஸ்டரிலிருந்து வருகிறது. அவர்களுடைய பிளாக்பேர்ட் ரோடு மைதானத்தை 1983இல் வீடுகளுக்காக எடுத்துக்கொண்டார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2011இல், போமான்ட் பார்க்கில் புதிதாகத் தடம் போட்டு மீண்டார்கள். பெரிய மாடம் கிடையாது, அலங்காரம் கிடையாது. நல்ல மண் இருக்கிறது, பந்தயம் நடக்கிறது. நம் அணியே 2018இல் ஒரு பருவம் மூன்றாம் நிலை லீக்கில் அங்கே ஒண்டிக்கொண்டு ஆடியது. வீட்டுக்காரர்கள் போல நம் கொடியைப் பிடித்துக்கொண்டு, விருந்தாளிகளாக அடுத்தவர் மைதானத்தில் நின்றோம். ஆக்ஸ்ஃபர்டும் 2007இல் மூடியதை 2022இல் மறுபடி திறந்தது. இந்த இரண்டு ஊர்களையும் பார்த்துத்தான் சொல்கிறேன்: பிராண்டன் கிடைக்காவிட்டாலும் கவென்ட்ரியைச் சுற்றி எங்காவது, குடியிருப்புகளுக்கு எட்டத்தில், அணியின் பெயரிலேயே பத்திரம் எழுதிய ஒரு சிறிய தடம் வேண்டும். ஆயிரம் பேர் நிற்க இடமும், பக்கத்தில் சிறுவர்களுக்கு ஒரு சின்ன வட்டமும் போதும். பட்டங்கள் பிறகு வரட்டும். ரசிகர்களே பங்கு போட்டு நிலம் வாங்க வேண்டும் என்பதை வரும் சனிக்கிழமை கூட்டத்தில் பேசப்போகிறேன். நான் எழுதி வைத்திருக்கும் குறிப்பை இத்துடன் அனுப்புகிறேன். உன் பட்டறைக்கு நிலம் வாங்கியபோது நீ பட்ட பாடெல்லாம் உனக்கு மறந்திருக்காது. கணக்கில் ஓட்டை இருந்தால் தயங்காமல் அடித்துத் திருத்து.

போட்டிப் புத்தகத்தையும் உனக்கே அனுப்பலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் மூத்தவள் அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஹீட்டாகக் கூட்டிப் பார்க்கிறாள், பதின்மூன்றில் வந்து நின்றுவிடுகிறாள். இரு அணிகளின் ஒன்றாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் மோதும் ஹீட் அது, அதை எப்படித் தவறவிட்டீர்கள் என்று என்னைக் குடைகிறாள். அன்று வரிசையிலிருந்து நீ எட்டிப் பார்த்தாய், எனக்கு அந்தப் பெருத்த மனிதரின் முதுகு மட்டுமே தெரிந்தது. யார் முதலில் வந்தார், யார் கடைசி என்று நினைவிருந்தால் அடுத்த கடிதத்தில் எழுது. பென்சிலைச் சீவி வைத்திருக்கிறாள்.

என்றும் அன்புடன்,
உன் அறைத்தோழன்