டி.பார்ம் மாணவர்களின் 500 மணி நேரப் பயிற்சிக்குக் கை கொடுங்கள்

நம் கல்லூரியில் படித்துவிட்டு இன்று மெடிக்கல் வைத்திருப்பவர்கள், மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்கள், மருந்துக் கம்பெனிகளுக்குப் போனவர்கள் எல்லோருக்கும் முன்னாள் மாணவர் குழுவின் வணக்கம். பணம் கேட்டுத்தான் எழுதுகிறோம். எதற்கு என்று சொல்லிவிடுகிறோம்.

டி.பார்ம் என்னும் மருந்தாளுநர் டிப்ளமோவின் இரண்டு வருடப் படிப்பு முடிந்ததும், மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரம் செய்முறைப் பயிற்சி எடுக்க வேண்டும், அதில் 250 மணி நேரமாவது மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பதில் கழிய வேண்டும் என்பது விதி. அது முடிந்தால்தான் டிப்ளமோ, அப்புறம்தான் பார்மசி கவுன்சிலில் மருந்தாளுநராகப் பதிவு. ஆனால் நடப்பது என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும். பெட்டி இறக்கி, அடுக்கி, பில் போட்டே மூன்று மாதம் ஓடிவிடுகிறது, சிலர் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. சாயங்காலம் கவுண்டரில் பத்துப் பேர் காத்திருக்கும்போது, பயிற்சிக்கு வந்த பிள்ளைக்குப் பொறுமையாகச் சொல்லித்தர அவருக்கு நேரம் ஏது?

சொல்லித்தராமல் விட்டால் அது நோயாளி தலையில் வந்து விடிகிறது. மூட்டுவாதத்துக்கு எழுதும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான், தெரியாமல் தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. பாடத்தில் இருக்கிறது, தேர்விலும் எழுதிவிடுவார்கள். ஆனால் எதிரே நிற்கும் பாட்டியிடம் "எந்தக் கிழமை போடுவீங்க, சொல்லுங்க பாட்டி" என்று கேட்டு, அவர் வாயாலேயே பதில் வாங்கி, அந்தக் கிழமையைக் கவரில் எழுதிக் கொடுப்பது பழகினால்தான் வரும். குழந்தைகளுக்கான ஆன்டிபயாட்டிக் பவுடர் பாட்டிலும் அப்படித்தான்: கொதித்து ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கியதும் மீதியைக் கோடு வரைக்கும் நிரப்பச் சொல்ல வேண்டும், கோட்டைத் தாண்டினால் மருந்து நீர்த்துப்போகும். மாத்திரை அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி இருக்கும் பக்கத்தைக் கடைசி வரை விட்டுவைக்க வேண்டும் என்பது கூட, பக்கத்தில் நின்று ஒருவர் சொன்னால்தான் கைப்பழக்கமாகிறது.

அதனால் கல்லூரியில் ஒரு மாதிரி மருந்தகம் அமைக்கிறோம். மருந்து அலமாரி, பில் போட ஒரு கம்ப்யூட்டர், இன்சுலின் வைக்கும் 2 முதல் 8 டிகிரியைப் பார்த்துக் குறித்துப் பழக ஒரு ஃப்ரிட்ஜும் தெர்மாமீட்டரும், மருந்தில்லாத பயிற்சி இன்ஹேலர்கள், எச்1 பதிவேடு (கட்டுப்பாடுள்ள சில மருந்துகளை யாருக்குக் கொடுத்தோம் என்று குறித்துவைக்கும் நோட்டு) எழுதும் மேசை. வெளியே பயிற்சிக்குப் போகும் முன்பே பிள்ளைகள் இங்கே தப்பு செய்து திருத்திக்கொள்ளட்டும். இதற்கு 1,32,000 ரூபாய் ஆகும்.

இன்னொரு செலவும் இருக்கிறது, எங்களுக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பயிற்சிக் காலத்தில் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. பெண் பிள்ளைகளுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்றாலும், நல்ல பயிற்சி தரும் மருத்துவமனை அடுத்த ஊரில் இருந்தால் ரூட் பஸ்ஸில்தான் போக வேண்டும், காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். வீட்டில் கையைக் கடிக்கும்போது பக்கத்துத் தெருக் கடையே போதும் என்று ஆகிவிடுகிறது. பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நாளுக்கு 100 ரூபாய், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்று கணக்குப் போட்டால் 84 நாள், ஆளுக்கு 8,400 ரூபாய். இந்த வருடம் அப்படி உதவி தேவைப்படுகிறவர்கள் 20 பேர், ஆக 1,68,000. இரண்டும் சேர்த்து மூன்று லட்சம்.

ஒரு மாணவரின் முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டால் சந்தோஷம், ஒரு நாளைக்கான 100 ரூபாயாக இருந்தாலும் சந்தோஷம்தான். பணமாக முடியாதவர்கள் காலி மருந்துப் பெட்டிகள், டெமோ இன்சுலின் பேனா, பழைய கம்ப்யூட்டர் இருந்தால் கொடுங்கள். காலாவதியான மருந்துகளை மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம், அவற்றை முறையாக அழிப்பதே தனி வேலையாகிவிடும். கடை வைத்திருக்கும் அண்ணன், அக்காக்களிடம் கூடுதலாக ஒன்று கேட்கிறோம்: கூட்டம் குறைவான மதிய நேரத்தில் ஒரு மாணவரை உங்கள் பக்கத்தில் நிறுத்திச் சீட்டு படிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

பணத்தைக் குழுவின் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள், தனி ஆள் யாரிடமும் கொடுக்க வேண்டாம். ரசீது உண்டு. வரவு செலவை மாதா மாதம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம், யார் வேண்டுமானாலும் வந்து பில்களைப் பார்க்கலாம். இறுதியாண்டுத் தேர்வு முடிவு வந்ததும் பயிற்சி தொடங்கிவிடும், அதற்குள் கிடைத்தால்தான் முதல் மாதப் பஸ் காசை அவர்கள் கையில் கொடுக்க முடியும்.